முடக்கத்தானும் 96 குழி தட்டும்

எங்க அத்தைக்கு பல வருஷமா முட்டி வலி. எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு முடக்கத்தான் இலையை எடுத்திருக்கேன்னு நான் சொன்னப்போ என்னைவிட அவங்களுக்குத்தான் சந்தோஷம், "நம்ம வீட்டுப் பிள்ளை நம்ம மூலிகையை ஆராய்ச்சி பண்ணுது"ன்னு பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு இருந்தாங்க. ஆறு மாசம் கழிச்சு தீசிஸ் பைண்டிங் போட்டு, வைவா முடிச்சு, எல்லாம் ஆனதுக்கு அப்புறம் ஒருநாள் ரொம்ப சாதாரணமா கேட்டாங்க: "சரிப்பா, அப்போ அது வீக்கத்துக்கு கேக்குமா, கேக்காதா?"

நான் முழிச்சேன். கையில கிராஃப் இருக்கு, டேபிள் இருக்கு, "குறிப்பிடத்தக்க அழற்சி எதிர்ப்புச் செயல்பாடு காணப்பட்டது"ன்னு என் கைப்பட எழுதின முடிவுரை இருக்கு. ஆனா அத்தை கேட்ட கேள்விக்கு அதுக்குள்ள பதில் இல்ல. ஏன் இல்லன்னு யோசிச்சு யோசிச்சுதான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல செடியைப் பத்தி ரெண்டு வார்த்தை. முடக்கு அறுத்தான், அதாவது மூட்டை முடக்கிப் போடற நோயை அறுக்கறவன், அதுதான் வாய்ல தேஞ்சு முடக்கத்தான் ஆச்சுன்னு சொல்லுவாங்க. வேற எந்தச் செடியும் இவ்ளோ தைரியமா பேர்லயே க்ளினிக்கல் க்ளெய்ம் வச்சுட்டு திரியல. தாவரவியல் பேர் கார்டியோஸ்பெர்மம் ஹலிகாகாபம், பூந்திக்கொட்டை இருக்கற அதே சாபிண்டேசியே குடும்பம். காத்து நிரம்பின பை மாதிரி காய், அதை அமுக்கினா படக்குன்னு வெடிக்கும், உள்ள கருப்பு விதை, விதை மேல வெள்ளையா இதய வடிவத்துல ஒரு தழும்பு, கார்டியோஸ்பெர்மம்ங்கற பேரே அந்த இதயத்தாலதான் வந்துச்சு. இலையில அப்பிஜெனின், லூட்டியோலின் வகை ஃப்ளேவனாய்டுகள், அதாவது செடிங்கள்ல இருக்கற ஒருவகை வேதிப்பொருள்கள், இருக்கு. அழற்சி ஆராய்ச்சி பண்றவங்களுக்கு இந்த ரெண்டு பேரையும் கேட்டாலே கை துறுதுறுக்கும்.

அழற்சின்னா என்னன்னு சொல்லாம மேல போக முடியாது. செல்சஸ்னு ஒரு ரோமானியர் கிட்டத்தட்ட 2000 வருஷம் முன்னாடியே நாலு அடையாளம் எழுதி வச்சுட்டார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. இது நோய் இல்ல, உடம்பு ரிப்பேர் வேலை பாக்கற சத்தம். வேலை முடிஞ்சும் சத்தம் அடங்கலன்னாதான் பிரச்சனை. அந்தச் சத்தத்தை எழுப்ப உடம்புல ஒரு மெஷின் இல்ல, ஹிஸ்டமின், புரோஸ்டாகிளாண்டின், நைட்ரிக் ஆக்ஸைடு, சைட்டோகைன்னு ஒரு பட்டாளமே இருக்கு. அதனால "இது அழற்சியைக் குறைக்கும்"னு யாராவது சொன்னா, பட்டாளத்துல யாரை, எந்த இடத்துல, எவ்ளோ நேரம்னு கேக்கணும். நான் கேக்கல. ப்ராஜெக்ட் முடிக்கற அவசரம்.

ஆரம்பிச்சது முட்டை வெள்ளைக்கருவுலதான். சிரிக்காதீங்க, மூலிகை ப்ராஜெக்ட் பண்ற பாதிப்பேர் அங்கதான் ஆரம்பிக்கறோம். வெள்ளைக்கரு 0.2 மி.லி., பஃபர் கரைசல் 2.8 மி.லி., எக்ஸ்ட்ராக்ட், அதாவது இலையில இருந்து எடுத்த சாறு, 2 மி.லி. கலந்து 37 டிகிரில கால் மணி நேரம், அப்புறம் 70 டிகிரில 5 நிமிஷம். புரதம் வெந்து கலங்கும், எக்ஸ்ட்ராக்ட் அந்தக் கலங்கலைத் தடுத்துச்சுன்னா அதுக்கு அழற்சி எதிர்ப்பு சக்தி இருக்குன்னு எழுதிக்கலாம். மிசுஷிமா, கோபயாஷின்னு ரெண்டு ஜப்பான்காரங்க 1968-ல போட்ட பேப்பர்தான் இதுக்கு மூலமா காட்டப்படுது, அவங்க பாத்தது அப்போ இருந்த வலி மாத்திரைகள் சீரம் புரதங்களோட, அதாவது ரத்தத்துல இருக்கற புரதங்களோட, எப்படி நடந்துக்குதுன்னு. தெரிஞ்ச மருந்துகள் ஒரு டெஸ்ட்ல பாஸ் ஆச்சுங்கறதால, அந்த டெஸ்ட்ல பாஸ் ஆற எல்லாமே மருந்துன்னு ஆயிடாது இல்லையா. என்னைக் கேட்டா இந்த டெஸ்ட்டுக்கும் முட்டிக்கும் உள்ள ஒரே சம்பந்தம் முட்டை, முட்டிங்கற எழுத்து ஒத்துமைதான்.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. கலங்கலை அளக்க வெளிச்சத்தை உள்ள விட்டு ரீடிங் எடுக்கறது 660 நானோமீட்டர் அலைநீளத்துல. பச்சை இலையை ஆல்கஹால்ல ஊற வச்சு எடுத்த சாறுல என்ன இருக்கும்? குளோரோஃபில். குளோரோஃபில் எங்க வெளிச்சத்தை உறிஞ்சும்? கரெக்டா அந்த 660 பக்கத்துலதான். அப்போ மெஷின் காட்டற நம்பர்ல கலங்கல் எவ்ளோ, இலையோட பச்சை எவ்ளோ? எக்ஸ்ட்ராக்டை மட்டும் தனியா அளந்து கழிக்கணும், நிறைய பேர் கழிக்கறதில்ல. இதுக்கு மேல, புழக்கத்துல ரெண்டு ஃபார்முலா இருக்கு, ஒண்ணுல ரீடிங் குறைஞ்சா நல்லது, இன்னொண்ணுல ரீடிங் கூடினா நல்லது! நான் விளையாட்டுக்குச் சொல்லல, ஒரே டெஸ்ட், நேர் எதிர் ஃபார்முலா, ரெண்டையும் வச்சு பேப்பர் வருது. எது உங்க பக்கம் பேசுதோ அதை எடுத்துக்க வேண்டியதுதான்.

சரி, அடுத்த கட்டம் செல். ரா 264.7னு ஒரு செல் லைன், சுண்டெலியோட மேக்ரோஃபேஜ், அதாவது கிருமியை முழுங்கற காவல்கார செல், வைரஸ் வச்சு கேன்சரா மாத்தப்பட்ட செல்லுங்கறதால சாகாம பெருகிட்டே இருக்கும். 96 குழி இருக்கற பிளாஸ்டிக் தட்டு, உள்ளங்கை சைஸ்தான், ஒவ்வொரு குழியிலயும் செல்லை வளர விட்டு எல்பிஎஸ்ஸை மி.லி.க்கு 1 மைக்ரோகிராம் போடணும். எல்பிஎஸ்ங்கறது ஒருவகை பாக்டீரியாவோட மேல்தோல்ல இருக்கற பொருள், அதைப் பாத்ததும் மேக்ரோஃபேஜ் "திருடன் திருடன்"னு கத்த ஆரம்பிச்சு நைட்ரிக் ஆக்ஸைடைக் கக்கும். 24 மணி நேரம் கழிச்சு மேல இருக்கற திரவத்தை எடுத்து க்ரீஸ் ரியேஜன்ட்ங்கற சோதனைத் திரவம் போட்டா, கத்தினதுக்கு ஏத்த மாதிரி ரோஸ் கலர். 540 நானோமீட்டர்ல ரீடிங். எக்ஸ்ட்ராக்ட் போட்ட குழியில ரோஸ் வெளுத்துச்சுன்னா அழற்சி அடங்குதுன்னு அர்த்தம், அதாவது அடங்குதுன்னு நாம எடுத்துக்கறோம்.

நான் முதல்ல செஞ்சது, இன்னிக்கும் சரின்னு நினைக்கற ஒரே விஷயம், தண்ணிக் கஷாயம். இலையைக் காய வச்சு, பொடிச்சு, தண்ணில கொதிக்க வச்சு, வடிகட்டி, உறைய வச்சு உலர்த்தி எடுத்தேன். வைத்தியத்துல தண்ணில போட்டுதானே காய்ச்சறாங்க, மெத்தனால்ங்கற ஆல்கஹால்ல இல்லையே. தட்டுல போட்டேன். மறுநாள் பாத்தா எல்பிஎஸ்ஸே போடாம கஷாயம் மட்டும் போட்ட குழிங்க எல்லாம் ரோஸ்! டோஸ் கூடக் கூட இன்னும் நல்ல ரோஸ். அழற்சியை அடக்கும்னு போட்ட சாறு அழற்சியைக் கிளப்பி விட்டுட்டு உக்காந்திருக்கு.

எனக்கு அழுகையே வந்துடுச்சு. கைடு வந்து பாத்துட்டு ரொம்ப நிதானமா சொன்னார்: இலை மேல பாக்டீரியா இருக்கும்ல, அதோட எல்பிஎஸ் தண்ணில இறங்கியிருக்கும். கொதிக்க வச்சேனே சார்னேன். கொதிச்சா பாக்டீரியா சாகும், எல்பிஎஸ் போகாது, கண்ணாடிப் பாத்திரத்துல ஒட்டினதை அழிக்கவே 250 டிகிரி உலர் சூட்டுல அரை மணி நேரம் வைக்கணும். இல்லன்னா செடியோட பாலிசாக்கரைடுகளே, அதாவது பெரிய சர்க்கரைச் சங்கிலிகளே, மேக்ரோஃபேஜைத் தட்டி எழுப்பியிருக்கலாம், அதுவும் நடக்கறதுதான். பாலிமிக்சின் பி போட்டுப் பாத்தா ரெண்டையும் பிரிச்சிருக்கலாம், அது எல்பிஎஸ்ஸைப் பிடிச்சு வச்சுக்கும், அதுக்கு அப்புறமும் ரோஸ் வந்தா காரணம் செடின்னு ஒரு அளவுக்குச் சொல்லலாம். ஆனா அதுக்கு டைம் இல்ல, ரியேஜன்ட் இல்ல, "மெத்தனால்ல போயிடு"ன்னுட்டார்.

போயிட்டேன். இப்போ திரும்பிப் பாக்கறப்போ அந்த ஒரு நிமிஷத்துலதான் என் ப்ராஜெக்ட் கை மாறிப் போச்சு. அதுவரைக்கும் நான் சோதிச்சது ஜனங்க உபயோகிக்கற முடக்கத்தான். அதுக்கு அப்புறம் சோதிச்சது யாரும் எந்தக் காலத்துலயும் குடிக்காத ஒண்ணு. மெத்தனால் ஃப்ளேவனாய்டை நல்லா இழுத்துட்டு வரும், குளோரோஃபிலையும் மெழுகையும் சேத்து இழுக்கும், தண்ணில கரையற பெரிய சர்க்கரைச் சங்கிலிகளை விட்டுட்டு வந்துடும். ரெண்டு சாறுக்கும் இலை ஒண்ணு, லேபிள்ல பேர் ஒண்ணு, உள்ள இருக்கறது வேற வேற.

மெத்தனால் எக்ஸ்ட்ராக்ட் சொன்ன பேச்சைக் கேட்டுச்சு. 25, 50, 100, 200 மைக்ரோகிராம்னு ஏத்த ஏத்த ரோஸ் படிக்கட்டு மாதிரி இறங்குச்சு. லேப்ல இருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன், தட்டை ஃபோட்டோ எடுத்து அத்தைக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன், அவங்க தம்ஸ் அப் போட்டாங்க.

அப்புறம் எம்டிடி டெஸ்ட் பண்ணேன். செல் உயிரோட இருக்கான்னு பாக்கற டெஸ்ட், 1983-ல இருந்து புழக்கத்துல இருக்கு, மஞ்சள் சாயத்தை உயிருள்ள செல் ஊதாவா மாத்தும். 200 மைக்ரோகிராம் குழியில ஊதா ரொம்பக் கம்மி. அதாவது அங்க செல்லுல பாதிக்கு மேல செத்துப் போச்சு. செத்தவன் கத்துவானா? அழற்சி அடங்கல, கத்தறதுக்கு ஆள் இல்ல, அவ்ளோதான். நியாயமா இதை முதல்ல பண்ணிட்டு அப்புறம்தான் அதைப் பண்ணணும், நான் தலைகீழா பண்ணேன்.

சரி 200-ஐ தூக்கிடலாம், 100 நல்லாத்தானே இருக்குன்னு மனசைத் தேத்திட்டு இருந்தப்போ சீனியர் அக்கா ஒருத்தங்க என் நோட்டைப் புரட்டிட்டு, "டிஎம்எஸ்ஓ எவ்ளோ போட்டே?"ன்னாங்க. மெத்தனால் எக்ஸ்ட்ராக்ட் தண்ணில கரையாது, டிஎம்எஸ்ஓங்கற கரைப்பான்ல கரைச்சுதான் செல் வளர்ற மீடியால ஊத்தணும். நான் ஒரே ஸ்டாக்கை வச்சுட்டு டோஸ் கூடணும்னா அதிகமா ஊத்தியிருக்கேன், அதனால மேல போகப் போக டிஎம்எஸ்ஓவும் கூடியிருக்கு, 200-ல 1 சதவீதம். ஒப்பிடறதுக்கு வச்ச கண்ட்ரோல் குழியில நான் போட்டது 0.1 சதவீதம். டிஎம்எஸ்ஓவே செல்லைக் கொஞ்சம் அமுக்கும், அதுக்கே அழற்சியைக் குறைக்கற குணம் உண்டு! அப்போ என் அழகான படிக்கட்டுல முடக்கத்தான் கட்டினது எத்தனை படி, டிஎம்எஸ்ஓ கட்டினது எத்தனை படி? எல்லா குழிக்கும் டிஎம்எஸ்ஓவை சமமா வச்சு திரும்பப் பண்ணேன். படிக்கட்டு இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது, 50-லயும் 100-லயும் செல் உயிரோட இருக்க ரோஸ் குறைஞ்சுது. ஆனா முன்னாடி மாதிரி இல்ல, ஒரு சின்ன திண்ணை அளவு. அதைத்தான் தீசிஸ்ல போட்டேன். தண்ணிக் கஷாயத்தோட ரோஸ் தட்டு தீசிஸ்ல எங்கயும் இல்ல. "அது எதுக்கு, குழப்பும்"னு எடுத்தாச்சு. எடுத்தவன் நானும்தான், கைடு மேல மட்டும் பழி போட மாட்டேன்.

எலி டெஸ்ட் நான் பண்ணல, பக்கத்து லேப்ல பண்ணதை கிட்ட இருந்து பாத்திருக்கேன். செம்பாசில இருந்து எடுக்கற காராஜீனனை 1 சதவீதக் கரைசலா 0.1 மி.லி. எலியோட பின்னங்கால் பாதத்துல ஊசி போடுவாங்க, பாதம் புசுபுசுன்னு வீங்கும், மூணு மணில இருந்து அஞ்சு மணி நேரத்துக்குள்ள உச்சத்துக்குப் போகும். 1962-ல விண்ட்டர்னு ஒருத்தரும் அவர் கூட இருந்தவங்களும் கொண்டு வந்த முறை, இந்தோமெத்தசின் மாதிரி வலி மருந்தை எல்லாம் இதுல ஓட்டித்தான் பாத்தாங்க, அதனால முட்டை டெஸ்டைவிட இதுக்கு மரியாதை ஜாஸ்தி, நியாயமான மரியாதைதான். முதல் ஒரு மணி நேர வீக்கம் ஹிஸ்டமின், செரட்டோனின் வேலை, அதுக்கு அப்புறம் வர்றது புரோஸ்டாகிளாண்டின் வேலை, அதனால எந்த மணி நேரத்துல வீக்கம் குறையுதுன்னு பாத்தே மருந்து எங்க கை வைக்குதுன்னு ஓரளவு ஊகிக்கலாம்.

ஆனா அளக்கறது எப்படி தெரியுமா? கணுக்கால்ல பேனால கோடு போட்டு, அந்தக் கோடு வரைக்கும் பாதத்தை திரவத்துல முக்கி, எவ்ளோ மேல ஏறுதுன்னு பாக்கறது. எலி சும்மா இருக்குமா? உதறும். கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் மேலயோ கீழயோ முக்கினா நம்பர் மாறிடும், முக்கற ஆளுக்கு இது மருந்து குடுத்த எலி, இது வெறும் எலின்னு தெரிஞ்சிருந்தா கை தன்னால ஒரு பக்கம் சாயும், அவரே அறியாம. அளக்கறவருக்கு எந்த எலி எந்த குரூப்னு தெரியக் கூடாதுன்னு விதி இருக்கு, எத்தனை பேர் கடைப்பிடிக்கறாங்கன்னு கேட்டா பேச்சு வேற பக்கம் போயிடும். இன்னொண்ணு, எக்ஸ்ட்ராக்டை வாய் வழியா குடுக்காம வயித்துக்குள்ள ஊசியா போட்டாங்கன்னா, எரிச்சல் உண்டாக்கற எந்தக் கண்ராவியைப் போட்டாலும் பாத வீக்கம் குறையும். வயித்துல ஒரு சண்டையைக் கிளப்பி விட்டா கால்ல நடக்கற சண்டை மந்தமாயிடும், அவ்ளோதான் கதை. இது ரொம்ப காலமா தெரிஞ்ச விஷயம், இருந்தும் பேப்பர்கள்ல வந்துட்டே இருக்கு.

டோஸ் கணக்கைப் போட்டுப் பாத்தப்போதான் எனக்கு நிஜமாவே தலை சுத்துச்சு. எலிக்கு வழக்கமா குடுக்கறது கிலோவுக்கு 400 மில்லிகிராம் எக்ஸ்ட்ராக்ட். எலி டோஸை மனுஷ டோஸா மாத்த 6.2-ஆல வகுக்கணும், கிலோவுக்கு 65 மில்லிகிராம் கிட்ட வரும், 60 கிலோ ஆளுக்கு கிட்டத்தட்ட 4 கிராம் எக்ஸ்ட்ராக்ட். எனக்கு 100 கிராம் காஞ்ச பொடில இருந்து 10 கிராம் எக்ஸ்ட்ராக்ட் கிடைச்சுது, அப்போ 40 கிராம் காஞ்ச பொடி, பச்சை இலையில அஞ்சுல நாலு பங்கு தண்ணின்னு வச்சா 200 கிராம் பச்சை இலை. தினமும். மெல்லிசான இலைங்க அது, 200 கிராம்னா ஒரு கூடை.

இந்த எடத்துல மக்லகன் ஞாபகம் வர்றார். ஸ்காட்லாந்து டாக்டர், 1876-ல வாதக் காய்ச்சல்ல மூட்டெல்லாம் வீங்கிக் கிடந்த ஆளுங்களுக்கு வில்லோ மரப்பட்டைல இருந்து எடுத்த சாலிசினைக் குடுத்து லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல எழுதினார். குடுக்கறதுக்கு முன்னாடி தானே கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி முழுங்கிப் பாத்துட்டுத்தான் குடுத்தார். வில்லோவை ஏன் எடுத்தார்னா, வாதம் ஈரமான இடத்துல வருது, வில்லோவும் ஈரமான இடத்துல வளருது, அதனால மருந்தும் அங்கயே இருக்கும்னு. காரணம் சுத்த அபத்தம், மருந்து சரி! அது எப்படி வேலை செய்யுதுங்கறது, அதாவது ஆஸ்பிரின் குடும்பம் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியை நிறுத்துதுங்கறது, ஜான் வேன் 1971-ல கண்டுபிடிக்கற வரைக்கும், 95 வருஷம் யாருக்கும் தெரியாது. அவருக்கு 1982-ல அதுக்கு நோபல் பங்கும் கிடைச்சுது. பாருங்க, மக்லகன்கிட்ட வீங்கின மூட்டு இருந்துச்சு, காரணம் இல்ல. எங்ககிட்ட சைட்டோகைன் படம் போட்ட, அம்புக்குறி எல்லாம் வச்ச காரணம் நிறைய இருக்கு, மூட்டுதான் இல்ல.

இதை நான் மூலிகைக்கு எதிரா சொல்லல. அந்தப் பக்கம் நின்னுட்டு "எல்லாம் டுபாக்கூர்"னு கத்தறவங்களும் என் தட்டைப் பாக்காதவங்கதான். என் சின்ன திண்ணை உண்மையாவே இருந்துச்சு. ஆனா குழியில வேலை செய்யறது ஒண்ணு, குடல் தாண்டி, கல்லீரல் தாண்டி, ரத்தத்துல போதுமான அளவு வந்து மூட்டுக்குள்ள போய் வேலை செய்யறது வேற ஒண்ணு. மஞ்சளோட குர்குமினைப் பாருங்க, தட்டுல அது தொடாத புரதமே கிடையாது, 120-க்கும் மேல மனுஷ ட்ரையல் நடந்திருக்கு, 2017-ல அதையெல்லாம் அலசின ஒரு பெரிய ரிவ்யூ, போலி மருந்தோட ஒப்பிட்டு ரெண்டு பக்கமும் கண்ணைக் கட்டி, அதாவது குடுக்கறவருக்கும் வாங்கறவருக்கும் எது எதுன்னு தெரியாம, பண்ண ட்ரையல்ல ஒண்ணுகூட ஜெயிக்கலன்னு எழுதுச்சு. அதுக்கு அப்புறமும் சண்டை ஓயல, அது வேற கதை. மூட்டு வலியோட குணமும் அப்படித்தான், ஏறும் இறங்கும், ரொம்ப ஏறினப்போதான் மனுஷன் மருந்தைத் தேடுவான், ரெண்டு வாரத்துல அதுவே இறங்கும், பேர் மருந்துக்குப் போகும். அதனாலதான் ஒப்பிட இன்னொரு கூட்டம் வேணும்ங்கறது.

ஒரு ஞாயித்துக்கிழமை அத்தைக்கு ஃபோன் போட்டு இதையெல்லாம் சொல்ல முயற்சி பண்ணேன். டிஎம்எஸ்ஓ வரைக்கும் பொறுமையா கேட்டாங்க. அப்புறம்தான் எனக்கு ஒண்ணு உறைச்சுது, இவ்ளோ நாள்ல ஒரு தடவைகூட நான் இதை அவங்ககிட்ட கேக்கல.

"அத்தை, நீங்க எப்படி உபயோகிக்கறீங்க? கஷாயமா?"

"கஷாயமா? அதை யாரு குடிப்பா. இலையை விளக்கெண்ணெய்ல போட்டு வதக்கி, சூடு பொறுக்கற அளவுக்கு முட்டில வச்சு துணியால கட்டிட்டுப் படுத்துடுவேன்."

எண்ணெய். வெளிப்பூச்சு. சூடு. கட்டு. இந்த நாலுல ஒண்ணுகூட என் தட்டுல இல்ல. சூட்டுக்கும் இறுக்கிக் கட்டறதுக்குமே வலி கொஞ்சம் விடும், இலை சும்மா கூட இருந்ததா வேலை செஞ்சுதான்னு பிரிக்கணுமே, எனக்கு உடனே ஆராய்ச்சி மூளை முழிச்சுக்குச்சு.

"அத்தை, ஒண்ணு பண்ணலாமா? ஒரு முட்டிக்கு இலை போட்ட எண்ணெய், இன்னொரு முட்டிக்கு வெறும் எண்ணெய், ரெண்டுக்கும் ஒரே சூடு, ஒரே மாதிரி கட்டு, எது எதுன்னு உங்களுக்குத் தெரியாம மாமாவை விட்டு கட்டச் சொல்லி..."

"ஏம்ப்பா, ரெண்டும் ஒரே மாதிரியா வலிக்குது? எனக்கு இடது பக்கம்தானே ஜாஸ்தி. வலதுல கட்டினது குறைஞ்சுதுன்னா எதை வச்சு சொல்லுவே?"